தறியில் குனியும் முதுகுக்கு ஒரு பயிற்சி

வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வில் சுடுமண் தக்களிகள் கிடைத்த செய்தியை அங்கத்தினர்கள் அறிவார்கள். வைப்பாற்றங்கரையில் நூல் தொழில் அத்துணைப் பழமையானது. அதனோடு பிறந்த முதுகுவலியும் அத்துணைப் பழமையானதாகவே இருக்க வேண்டும்.

குழித்தறியில் அமர்ந்தவர் ஊடையின் மேல் கண் வைத்துக் குனிந்தே இருக்கிறார். களை பறிப்பவரும் பருத்தி எடுப்பவரும் அவ்வாறே. மனிதனின் தலை ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ளது. அது முன்னே சாயச் சாய, பின்னிருந்து தாங்கும் தசைகளுக்குப் பாரம் ஏறுகிறது. இரு தோட்பட்டை எலும்புகளுக்கும் இடைப்பட்ட நடுமுதுகுத் தசைகள் நீண்டு சோர்கின்றன. மார்புத் தசைகள் இறுகுகின்றன. முதுகு பிடித்த நாளில் தறி நிற்கிறது. தறி நின்றால் கூலி இல்லை, சங்கத்துக் கடன் மட்டும் நிற்பதில்லை.

தணிக்கைக்குச் சென்ற ஓரிடத்தில் முதியவர் ஒருவர், “ஐயா, நாளெல்லாம் கை உழைக்கிறதே, இதற்கு மேல் பயிற்சி எதற்கு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. தறியில் கை உழைப்பது பெரும்பாலும் உடலின் முன்புறத்தில். தோள்களைப் பின்னோக்கிச் சேர்க்கும் தசைகளுக்கு முழு வேலை கிடைப்பதில்லை. அவ்வேலையைத் தருவதே டம்பெல் பயிற்சி.

பிரஷ்யாவில் பிறந்த யூஜீன் சாண்டோ 1904-05இல் இந்தியா வந்து தம் தேக வலிமையைக் காட்டிச் சென்றார். திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன் நின்ற ‘சாண்டோ’ அவர் பெயரே. அம்மல்லர் பொதுமக்களுக்கு வகுத்த முறையில் டம்பெல்கள் இலேசானவை. நாமோ கல்லூரி நாளில் பெரும்பாரத்தைத் திடீரெனத் தூக்கி, ஒரு வாரம் பாயோடு கிடந்தோம். ஆகவே இலேசாகத் தொடங்குக என்று வற்புறுத்துகிறோம். டம்பெல் இல்லாதவர் ஒரு லிட்டர் புட்டியில் உலர்ந்த மணல் நிரப்பினால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ ஆகும். தொடக்கத்திற்கு அது போதும்.

கால்களைத் தோள் அகலம் விரித்து, முழங்காலைச் சற்று மடக்கி, இடுப்பிலிருந்து முன்சாய்க. முதுகு பலகைபோல் நேராக இருத்தல் வேண்டும். வளைந்தால் பயிற்சியே தீங்காகும். கைகளில் பாரம் தொங்கட்டும். மூச்சை விட்டவாறு முழங்கைகளை விலாவை ஒட்டிப் பின்னே இழுத்து, தோட்பட்டைகளை ஒன்றோடொன்று நெருக்கி, இரண்டு எண்ணும் அளவு நிறுத்தி, மெல்ல இறக்குக. வீசி இழுத்தல் ஆகாது. பத்து முறை ஒரு சுற்று. இரண்டு சுற்று செய்க. குனிந்து நிற்க முடியாதவர் ஒரு கையைத் திண்ணையில் ஊன்றி, மறு கையால் இழுக்கலாம்.

வாரத்தில் இரண்டு, மூன்று நாள், இடையே ஒருநாள் ஓய்வு விட்டுச் செய்க. பன்னிரண்டு முறை எளிதானபின் பாரத்தைக் கூட்டலாம். வலி காலில் இறங்கினாலும், கை கால் மரத்தாலும், இரவில் உறங்க விடாது வருத்தினாலும் முதலில் மருத்துவரிடம் செல்க. பயிற்சி செய்கிறோம் என்று நாலு மணி நேரம் ஒரே இருப்பில் நெய்தலும் கூடாது. அரைமணிக்கொருமுறை தறிக்குழியை விட்டு எழுந்து தோளைப் பின்னே சுழற்றுக.

புட்டியின் மூடியை இறுக்கி, மேலே துணி சுற்றிக்கொள்க. வியர்த்த கையில் வழுக்காது.