ஒரு நாள் கடலுக்கு

கேள்வி: உத்திரமேரூர் பக்கம் கிராமத்தில் இருக்கிறோம். குழந்தைகளுக்குப் படகுச் சவாரி, கடலோர நடை இரண்டும் ஒரே நாளில் காட்ட முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். மதுராந்தகம், செய்யூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடியுங்கள். முதலியார்குப்பத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இருக்கிறது. படகு ஓடும் ஒதியூர் காயலில் அலை கிடையாது; முதன்முறை படகேறும் பிள்ளைகளுக்குப் பயம் இருக்காது. காயலுக்கும் கடலுக்கும் நடுவே நீளும் மணல்திட்டைக் கட்டாயம் காட்டுங்கள்.

பிறகு வடக்கே சதுரங்கப்பட்டினம். 17ஆம் நூற்றாண்டு டச்சுக் கோட்டை, கல்லறைகள், மீனவர் படகுகள், நீண்ட மணல். நடக்க எனக்குப் பிடித்த இடம் இதுதான், கூட்டம் நெரியும் மாமல்லபுரத்தைவிட. வெயில் சாய்ந்தபின் நடங்கள். கடலில் மட்டும் இறக்க வேண்டாம். இந்தக் கரையில் இழுப்பு அதிகம்.

இன்னொன்று. உங்கள் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது அல்லவா? அந்தப் பாலாறு கடல் சேர்வது சதுரங்கப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே, வாயலூர் அருகில். போகிற வழியில் பாலத்தில் நின்று, நம்ம ஊர்த் தண்ணீர் போய்ச் சேரும் இடம் இது என்று பிள்ளைகளுக்குக் கைநீட்டிக் காட்டுங்கள்.