உபோலு தீவில் மூத்த தம்பதிகளோடு

அறுபதைத் தாண்டிய பெற்றோரையோ துணையையோ அழைத்துக்கொண்டு சமோவா போகிறீர்களா? உபோலு தீவிலுள்ள தலைநகர் ஆப்பியாவில் ஊழியம் செய்யும் மூத்த மிஷனரி தம்பதிகள் யாரையாவது முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்த இவர்கள், பணி ஓய்வுக்குப் பிறகு சொந்தச் செலவில் வந்து ஓராண்டு, ஒன்றரை ஆண்டு என்று தங்கி, பள்ளியிலோ அலுவலகத்திலோ கொடுத்த வேலையைச் செய்கிறவர்கள். விடுமுறை நாளில் ஆளுக்கொரு பாத்திரத்தில் சாப்பாடு எடுத்துக்கொண்டு, வேனில் ஒன்றாக ஏறித் தீவைச் சுற்றக் கிளம்பிவிடுவார்கள். என் தோழியும் அவர் கணவரும் அங்கே இருந்ததால் எனக்கும் அந்த வேனில் இடம் கிடைத்தது. எங்கே நிழல் உண்டு, எங்கே கழிப்பறை சுத்தம், எந்தப் படிக்கட்டு முழங்காலைப் பதம்பார்க்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். இதைவிட நல்ல வழித்துணை அந்தத் தீவில் கிடையாது.

கூடும் இடம் பெரும்பாலும் ஆப்பியாவின் பெசேகா பகுதி. அங்கே இவர்களுடைய ஆலயம் இருக்கிறது. 1983-இல் பிரதிஷ்டையானது, 2003-இல் தீப்பிடித்து எரிந்தது, 2005-இல் மீண்டும் எழுந்தது. அந்தத் தீயிலும் கோபுர உச்சியிலிருந்த மொரோனி தூதனின் பொன்முலாம் பூசிய சிலை விழாமல் நின்றதை இன்றும் வியப்போடு சொல்கிறார்கள். உள்ளே சபையில் தகுதிச்சீட்டு பெற்றவர்களுக்கு மட்டுமே அனுமதி. வெளித் தோட்டத்தில் யாரும் உட்காரலாம். சமோவாவில் இவர்களுடைய ஊழியத்தை முறைப்படி தொடங்கியதே ஒரு தம்பதிதான். 1888-இல் ஜோசஃப் டீனும் அவர் மனைவி ஃப்ளாரன்ஸும், இன்று அமெரிக்க சமோவாவில் இருக்கும் அவுனுவு என்ற சின்னஞ்சிறு தீவில் வந்திறங்கினார்கள்.

சுற்றிப் பார்க்க ஒரே ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் பியூலாவுக்குப் போங்கள். வடக்குக் கரையில், மெதடிஸ்ட் இறையியல் கல்லூரி வளாகத்தின் தேவாலயத்துக்குக் கீழே, கருங்கல் குகைக்குள்ளிருந்து ஊறிவரும் நன்னீர்க் குளம் அது. பக்கத்திலேயே கடல் அலையடிக்க, இந்தத் தண்ணீரில் உப்பே இல்லை. அடியில் கிடக்கும் கூழாங்கல் வரைக்கும் தெரியும். மீன்கள் காலைச் சுற்றும். எழுபது வயதுக்காரர்கள் கைப்பிடித்து ஒவ்வொருவராக இறங்கி, குளிரில் ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பிறகு ஏற மனமில்லாமல் மிதந்ததைப் பார்த்தேன். நான் பார்த்த தீவுகளில் இதற்கு இணையான குளியலிடம் இல்லை. ஞாயிறன்று மட்டும் போகாதீர்கள்.

டோ சுவா? படத்தில் பார்த்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முப்பது மீட்டர் ஆழப் பள்ளத்தில் கடல்நீர்க் குளம், அதற்குள் இறங்க வழுக்கும் செங்குத்து ஏணி, ஏணி அடியில் கூட்டம். வயதானவர்களுக்கு அது ஆகாது.

லாலோமானு கடற்கரையில் மதியச் சாப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். சுவரில்லாத ஓலைக்குடிலான ஃபாலேயில் பாய் விரித்துப் படுத்தால் எழ மனம் வராது. 2009 செப்டம்பர் 29 அன்று சுனாமி இந்தக் கரையை அடித்துக்கொண்டு போனது. நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குடில்களை மறுபடி கட்டி விருந்தினரை வரவேற்பவர்கள் அதே ஊர்க்காரர்கள். தாராளமாக அவர்களிடம் செலவழியுங்கள்.

ஆனால் எல்லாக் கரையிலும் இந்த அன்பை எதிர்பார்க்காதீர்கள். சமோவாவின் நிலத்தில் பெரும்பகுதி குடும்பங்களுக்கும் கிராமங்களுக்கும் வழிவழியாகச் சொந்தம். அதனால் கடற்கரைக்கும் அருவிக்கும் கட்டணம் கேட்பது நியாயம்தான். தெற்குக் கரையில் ஓரிடத்தில் அப்படித்தான் கட்டினோம். கிளம்பும்போது இன்னொருவர் வந்து, முன்பு வாங்கியவனுக்கு உரிமையே இல்லை, எனக்குக் கொடு என்று வேனுக்கு முன்னால் நின்றுகொண்டார். குரல் ஏற ஏற, கூட வந்த ஒரு பாட்டி பயந்து அழவே ஆரம்பித்துவிட்டார். ஊழியத்துக்காக வீட்டையும் பேரப்பிள்ளைகளையும் விட்டு வந்தவர் அவர்! எனக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. எங்களில் சமோவா மொழி தெரிந்த பெரியவர், "ஊர்த் தலைவரிடமே போய்ப் பேசுவோம், வாருங்கள்" என்று அமைதியாகச் சொன்னதும் அந்த ஆள் நகர்ந்துவிட்டார். அந்த வாக்கியத்தை நீங்களும் கற்றுக்கொண்டு போங்கள். பலகை வைத்த குடிலில் மட்டும் பணம் கட்டுங்கள்.

வைலிமாவில் எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. 1894-இல் இறந்த அவரை வாயேயா மலையுச்சியில் அடக்கம் செய்தார்கள். வீட்டையும் புல்வெளியையும் நிதானமாகப் பாருங்கள். மலையேற்றம் முழங்கால் திடமாக இருப்பவர்களுக்கு.

ஞாயிற்றுக்கிழமையைப் பயணநாளாக வீணாக்கிவிடாதீர்கள். ஊரே வெள்ளை உடுத்தி, பெண்கள் தொப்பியணிந்து, ஆராதனைக்கு நடந்துபோகும். லண்டன் மிஷனரி ஜான் வில்லியம்ஸ் 1830-இல் பக்கத்துத் தீவான சவாயியில் இறங்கியதிலிருந்து வேரூன்றிய வழக்கம் இது. எந்தச் சபையாக இருந்தாலும் பின்வரிசையில் போய் உட்காருங்கள். நான்கு குரல்களாகப் பிரிந்து அவர்கள் பாடுவதைக் கேட்கவே விமானம் ஏறலாம். பிறகு யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். சுட்ட கற்களில் வெந்த சேப்பங்கிழங்கும், தேங்காய்ப்பாலைச் சேம்பிலையில் பொதிந்து வேகவைத்த பலுசாமியும் கிடைக்கும். மாலையில் சங்கோ மணியோ கேட்டால் அது குடும்ப ஜெப நேரம். முடியும்வரை ஊருக்குள் நடக்காமல் அப்படியே நில்லுங்கள்.

மற்றவை சுருக்கமாக. சிங்கப்பூரிலிருந்து ஃபிஜியின் நாடி, அங்கிருந்து ஆப்பியா. மே முதல் அக்டோபர் வரை மழை குறைவு. பணம் தாலா, கிராமங்களில் அட்டை செல்லாது, சில்லறைத் தாள் வேண்டும். நம் ஊர்போல் இடப்பக்கமே ஓட்டலாம், 2009-இல் மாற்றிவிட்டார்கள். பெண்கள் நீச்சலுடையோடு ஊருக்குள் நடக்க வேண்டாம், இடுப்பில் லாவாலாவா என்னும் துணியைச் சுற்றிக்கொண்டால் போதும். பன்றியும் நாயும் சாலையிலேயே படுத்துக்கிடக்கும் என்பதால் இருட்டுமுன் ஆப்பியா திரும்பிவிடுங்கள்.