பெட்ரோல் விலை இறங்கினால் மின்சாரக் கார் மோகம் குறையுமா?

கேள்வி: பெட்ரோல் விலை ஏறும்போது மின்சாரக் கார் ஆசை எழுகிறதே, இறங்கினால் அடங்கிவிடுமா?

பதில்: அமெரிக்காவில் ஏறக்குறைய அப்படித்தான். 2008 ஜூலையில் ஒரு கேலன் சராசரியாக 4 டாலரைத் தாண்டியபோது மக்கள் சிக்கனமான கார்களைத் தேடினார்கள். டிசம்பருக்குள் விலை 2 டாலருக்கும் கீழே போனது. 2014க்குப் பின் மறுபடி சரிந்தபோது பெரிய எஸ்யூவிகளும் பிக்கப் வண்டிகளும் அமோகமாக விற்றன. 2022 ஜூனில் முதன்முறையாக 5 டாலர். மீண்டும் மின்சாரக் கார் பேச்சு.

நார்வே வேறு பாதை பிடித்தது.

இத்தனைக்கும் அது எண்ணெய் ஏற்றுமதி செய்யும் நாடு! 1990களிலிருந்தே மின்சாரக் கார்களுக்கு வரிச்சலுகை கொடுத்து, பெட்ரோல் கார்கள் மீது கடும் வரி போட்டது. 2024இல் அங்கு விற்ற புதுக் கார்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது மின்சாரத்தில் ஓடுபவை. பெட்ரோல் விலையை மட்டும் நம்பியிருந்தால் இது நடந்திருக்காது.