எஞ்சினை நிறுத்தும்போது எழும் பெல்ட் ஓசை

வில்லியனூரை அடுத்த அரியூர்ப் பகுதியில் ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட நேர்ந்தது. லாரிச் செலவுத் தலைப்பின் கீழ் ஒரே ஆண்டில் மூன்று பெல்ட்டுகள் வாங்கப்பட்டிருக்கக் கண்டேன். சங்கத்திற்கு இருப்பதோ ஒரு சிறு டீசல் லாரி. நூல் மூட்டைகளையும் நெல்லையும் ஏற்றிக்கொண்டு விழுப்புரம் சாலையில் சென்று வருவது அதன் வேலை. செலவுச் சீட்டுகள் யாவும் ஒழுங்காகவே இருந்தன. எனினும் காரியதரிசியை விசாரித்தேன்.

"வண்டியை நிறுத்தும்போதெல்லாம் பெல்ட் கீச்சிடுகிறது, ஐயா. புதிது போட்டால் சில வாரங்கள் சும்மா இருக்கும், பிறகு மறுபடியும் கத்தும்" என்றார்.

கணக்கில் தவறில்லை. காரணத்தைத் தேடாமல் பொருளை மாற்றிக்கொண்டே வந்ததுதான் தவறு. அங்கத்தினர்களின் பணம் இவ்வாறு கரையாமலிருக்க, இவ்விஷயத்தைச் சற்று ஆராய்வோம்.

ஓசை ஏன் உண்டாகிறது?

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை ஏறக்குறைய 16 முதல் 20 மடங்கு வரை நெருக்கி, அதனால் பிறக்கும் வெப்பத்தைக் கொண்டே எண்ணெய் எரிக்கப்படுகிறது. எண்ணெய் வரத்து நின்றதும் இந்த நெருக்கமே பிரேக் போல் வேலை செய்கிறது. ஆகவே எஞ்சின் சட்டென்று நின்றுவிடுகிறது. நிற்கும் கணத்தில் சிறிது பின்வாங்குவதும் உண்டு.

ஆனால் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் அவ்வளவு விரைவில் நிற்பதில்லை. அதன் புல்லி சிறியது. எஞ்சின் ஒரு முறை சுற்றினால் அது சுமார் இரண்டரை அல்லது மூன்று முறை சுற்றும். எஞ்சின் நிமிடத்திற்கு 700 சுற்று ஓடும்போது ஆல்டர்னேட்டரின் உட்பகுதி 2000 சுற்றை நெருங்குகிறது. அப்பகுதி கனமானது. பெல்ட் நின்ற பின்னும் அது சுழலவே முயலும். அப்போது புல்லி பெல்ட்டின் மீது வழுக்கி உராய்கிறது. அந்த உராய்வே நாம் கேட்கும் கீச்சொலி.

நெசவாளர்களுக்கு இது புதிதன்று. தார் சுற்றும் ராட்டையின் பெரிய சக்கரத்தைத் திடீரென்று பிடித்து நிறுத்தினால், கதிர் கயிற்றில் வழுக்கிச் சிறிது சுழன்றே ஓய்கிறதல்லவா?

ஒருபக்கச் சுழற்சிப் புல்லி

இக்குறையைப் போக்கவே இக்காலத்து டீசல் வண்டிகள் பலவற்றின் ஆல்டர்னேட்டரில் ஒருபக்கம் மட்டும் பிடிக்கும் புல்லி பொருத்தப்படுகிறது. சைக்கிளின் பின்சக்கரத்தில் உள்ள 'ப்ரீவீல்' எவ்வாறோ அவ்வாறே இதுவும். மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் ஓடுவது போல, பெல்ட் நின்றாலும் ஆல்டர்னேட்டர் தனியே சுழன்று ஓயும். அப்போது கேட்கும் மெல்லிய ரீங்காரம் இயல்பானது. அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. உள்ளே தூசியும் துருவும் சேர்ந்து அப்புல்லி இறுகிவிட்டால்தான் கீச்சொலி தோன்றும். எத்தனை புது பெல்ட் போட்டாலும் இந்த ஓசை தீராது.

சோதிக்கும் முறை

1. ஓசை எப்போது எழுகிறது என்பதைக் குறித்துக்கொள்க. புறப்படும்போது கத்தினால் பெல்ட் தளர்ந்திருக்கக் கூடும். நிறுத்தும்போது மட்டும் கத்தினால் ஆல்டர்னேட்டர்ப் புல்லியை முதலில் ஐயுற வேண்டும்.

2. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகே பெல்ட்டைத் தொட வேண்டும். அது பளபளப்பேறியோ, வெடித்தோ, எண்ணெய் படிந்தோ இருக்கிறதா எனப் பார்க்க. எண்ணெய் படிந்திருந்தால் ஒழுகும் இடத்தை முதலில் அடைக்க வேண்டும்.

3. வரிகள் கொண்ட பெல்ட்டாயின், எஞ்சின் மெதுவாக ஓடுகையில் வரியுள்ள பக்கத்தில் சிறிது நீர் தெளிக்கலாம். ஓசை மிகுந்தால் இறுக்கம் போதவில்லை. சற்றே அடங்கி மீண்டும் எழுந்தால் புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. தொங்கும் துண்டோடும் வேட்டியோடும் அருகே செல்வது ஆபத்து.

4. மெக்கானிக்கைக் கொண்டு பேட்டரியின் இணைப்பை நீக்கி, பெல்ட்டைக் கழற்றச் செய்க. ஆல்டர்னேட்டரின் உட்பகுதியை அசையாமல் பிடித்துக்கொண்டு புல்லியைத் திருப்பினால், எஞ்சின் ஓடும் திசையில் பிடிக்க வேண்டும். எதிர்த்திசையில் தடையின்றிச் சுழல வேண்டும். இரு திசையிலும் பிடித்தால் புல்லி இறுகிவிட்டது. பழைய வகைச் சாதாரணப் புல்லி எப்போதும் இரு திசையிலும் பிடிக்குமாதலால், பொருத்தப்பட்டிருப்பது எந்த வகை என்பதை முன்னரே அறிந்துகொள்க.

செய்யத் தகாதவை

ஓசையை அடக்க பெல்ட்டின் மீது சோப்பு, மெழுகு, எண்ணெய் ஆகியவற்றைத் தடவுவோர் உளர். அது குறையை மறைக்குமேயன்றித் தீர்க்காது, ரப்பரையும் கெடுக்கும். பழைய லாரிகளில் பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்குவதும் தவறு. ஆல்டர்னேட்டர், தண்ணீர்ப் பம்பு ஆகியவற்றின் பேரிங்குகள் அதனால் தேய்ந்து போகும். பல வண்டிகளில் தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ட்டால் ஓடுவது. வழியில் பெல்ட் அறுந்தால் எஞ்சின் கொதித்துப்போகும். ஒரு புல்லியின் விலை எங்கே, எஞ்சினைப் பிரித்துச் செப்பனிடும் செலவு எங்கே!

நிறுத்துவதற்கு முன் விளக்கு முதலிய மின்சாரச் சுமைகளை நீக்கி, எஞ்சினை ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணைப்பது நல்ல பழக்கம். டர்போ உள்ள எஞ்சினுக்கு இது மிகவும் அவசியம்.

மேற்கூறிய சங்கத்து லாரியிலும் புல்லிதான் இறுகியிருந்தது. அதை மாற்றியதும் ஓசை நின்றது. அடுத்த தணிக்கையில் பெல்ட்டுக்கான செலவுச் சீட்டு ஒன்றும் இல்லை. லாரி வைத்துள்ள சங்கங்கள் ஒரு பழுதுப் பதிவேடு தொடங்கி, மாற்றிய பொருளுடன் மாற்றிய காரணத்தையும் எழுதி வருதல் வேண்டும். ஒரே பொருள் இரண்டாம் முறை வாங்கப்படுமானால், அதற்குப் பணம் கொடுக்கும் முன் நிர்வாகக் குழு அப்பதிவேட்டைப் பார்த்துவிடுவது நலம்.