காலையில் மலை, மாலையில் நகரம்

ஆல்ப்ஸ் மலைக்குக் குளிர்கால விடுமுறை போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சி மலைக்கிராமத்தில் விடுதி எடுத்து, விடிந்தால் பனிச்சறுக்கு, இருட்டினால் தூக்கம் என்று ஒரு வாரத்தைக் கழிக்கிறது. இன்னொரு கட்சி வியன்னாவிலோ சால்ஸ்பர்க்கிலோ அரண்மனையும் இசையரங்கமும் பார்த்துவிட்டு, பனிமலையை ரயில் ஜன்னலோடு முடித்துக்கொள்கிறது. எனக்கு இரண்டும் வேண்டும். என் கணவரோ சறுக்குப் பலகையில் கால் வைக்கவே மாட்டார். எங்கள் இருவருக்கும் ஒத்துவந்த ஊர் ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத் தலைநகரான இன்ஸ்ப்ரூக். அங்கே குளிர்காலத்தைக் கழித்ததில் நான் கற்றுக்கொண்டவற்றை, முதன்முறையாகப் போக நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

நகரத்திலேயே தங்குங்கள்

இன்ஸ்ப்ரூக் ஏறத்தாழ 574 மீட்டர் உயரத்தில், இன் ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கிறது. வடக்கே நோர்ட்கெட்டே மலைத்தொடர் சுவர் எழுப்பியதுபோல் நிற்கிறது. பழைய நகரத்தின் ஓரத்திலேயே ஹுங்கர்புர்க் மலைரயில் புறப்படுகிறது. அதன் நிலையங்கள் கட்டடக் கலைஞர் ஸஹா ஹதீத் வடிவமைத்து 2007-இல் திறக்கப்பட்டவை. பனி உறைந்து வழிந்ததுபோன்ற வளைந்த கூரைகளைப் பார்க்கவே ஒருமுறை ஏறலாம். அங்கிருந்து கேபிள் கார் மாறி ஸீகுரூபெ, அடுத்து ஹாஃபெலேகார் என்று போனால், 2,200 மீட்டரைத் தாண்டிய உயரத்தில் நிற்பீர்கள். காலையில் நகரத்துக் கடையில் காப்பி குடித்துவிட்டுப் புறப்பட்டவர், வெயில் ஏறுமுன் சிகரத்தின் பக்கத்தில் இருக்கலாம்.

நகரத்தில் தங்குவதன் பெரிய பலன், சறுக்காதவர்களுக்கு. மலைக்கிராமத்தில் அவர்கள் நாள் முழுவதும் விடுதிக் கூடத்தில் காத்திருக்க நேரும். இங்கே என் கணவர் அருங்காட்சியகம், கடைத்தெரு, ஆற்றங்கரை என்று தம் விருப்பம்போல் பொழுதைக் கழித்தார். மாலையில் இருவருக்கும் சொல்ல ஆளுக்கொரு கதை இருந்தது.

எந்த மலை, யாருக்கு?

கண்ணெதிரே இருக்கிறது என்பதற்காக, புதிதாகக் கற்பவர்கள் நோர்ட்கெட்டேயில் சறுக்கப் போகக் கூடாது. அது செங்குத்தான மலை, தேர்ந்தவர்களுக்கே சவால். அங்கே காட்சி பார்க்கப் போங்கள். முதல் பாடத்துக்கு முட்டரர் ஆல்ம் போன்ற சாய்வு குறைந்த இடம் நல்லது. கொஞ்சம் பழகியவர்களுக்கு பாட்ஷர்கோஃபெலும் ஆக்ஸாமர் லிட்ஸுமும் இருக்கின்றன. தாழ்ந்த சரிவுகளில் பனி போதாத வாரங்களில் ஸ்டுபாய் பனியாறு கைகொடுக்கும். அதன் உச்சிப்பகுதி 3,000 மீட்டருக்கும் மேலே. இவற்றுக்கெல்லாம் நகரத்திலிருந்து பேருந்து உண்டு. சறுக்குதளங்களையும் அருங்காட்சியகங்களையும் ஒரே சீட்டில் சேர்த்துத் தரும் ‘ஸ்கீ பிளஸ் சிட்டி பாஸ்’ என்ற ஏற்பாடும் இருக்கிறது. உங்கள் நாட்களுக்கு அது கட்டுப்படியாகிறதா என்று வாங்குமுன் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆஸ்திரியாவில் சறுக்குப் பாதைகளுக்கு மூன்று நிறம்: நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். முதல் நாட்களில் பயிற்சியாளர் கட்டாயம் வேண்டும். வேகம் எப்படியும் வந்துவிடும். நிற்கக் கற்பதுதான் முதல் பாடம். மலையில் எழுதப்பட்ட விதி ஒன்று உண்டு: முன்னால், கீழே போகிறவருக்கே முன்னுரிமை. பின்னாலிருந்து வருகிறவர்தான் விலகிப்போக வேண்டும். இதை மனதில் பதித்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும்.

காலணி சரியாக அமையாவிட்டால் நாளே வீண். வாடகைக் கடையில் அவசரப்படாமல் போட்டுப் பாருங்கள். உள்ளே ஒரே ஒரு மெல்லிய நீண்ட காலுறை போதும். இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் மேலும் சில்லிடும். குளிர்தானே என்று வெயில்காப்புக் களிம்பை விட்டுவிடாதீர்கள். உயரமும் பனியின் பிரதிபலிப்பும் சேர்ந்து நம் கறுத்த தோலையும் பொசுக்கும். இந்தியாவிலிருந்து ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கு விபத்தும் மலைமீட்பும் அடங்குமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பல காப்பீடுகள் இதை விலக்கிவைக்கின்றன.

மாலைக்கு ஒரே ஒரு இடம்

டிசம்பரில் நாலரை மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். சறுக்குபவர்களை மேலேற்றும் தூக்கிகளும் நான்கு மணியை ஒட்டி நின்றுவிடும். மலை தன் கதவைச் சாத்தும் நேரத்தில் நகரம் விளக்கேற்றுகிறது. ஆனால் நாள் முழுவதும் சறுக்கிய கால்கள் மூன்று அருங்காட்சியகங்களைத் தாங்காது. ஒரு மாலைக்கு ஓரிடம் என்பது என் கணக்கு. எத்தனை மணிவரை திறந்திருக்கும், வார விடுமுறை என்று என்பதைக் காலையிலேயே பார்த்துவைத்துக்கொள்வேன்.

கட்டாயம் பார்க்க வேண்டியது ஹோஃப்கிர்ஹெ என்னும் அரசவைத் தேவாலயம். பேரரசர் முதலாம் மாக்சிமிலியனின் கல்லறை மாடத்தைச் சுற்றி, ஆளுயரத்தை விஞ்சிய 28 வெண்கலச் சிலைகள் காவல் நிற்கின்றன. ஆர்தர் மன்னரின் சிலைக்கு ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் வடிவம் வரைந்து தந்தார். ஆனால் மாடத்துக்குள்ளே மாக்சிமிலியன் இல்லை. அவர் உடல் வீனர் நொய்ஷ்டாட்டில் அடக்கமாகியிருக்கிறது. சற்றுத் தள்ளி, அதே மன்னருக்காக 1500-ஐ ஒட்டிக் கட்டிய ‘தங்கக் கூரை’ இருக்கிறது. பொன்முலாம் பூசிய 2,657 செப்பு ஓடுகள். கீழே சதுக்கத்தில் நடக்கும் போட்டிகளைப் பார்க்க அமைத்த மாடத்தின் கூரை அது. மரியா தெரேசியா வீதியின் தென்கோடியில் 1765-இல் எழுந்த வெற்றி வளைவு நிற்கிறது. அதன் ஒரு பக்கம் இளவரசரின் திருமணத்தைக் கொண்டாடுகிறது. மறுபக்கம் அந்த விழா நாட்களிலேயே இறந்துபோன தந்தை, பேரரசர் பிரான்ஸுக்கு இரங்குகிறது. இரண்டு பக்கமும் நடந்துபோய்ப் பாருங்கள்.

இந்த மாலைகளில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. இந்தக் கலையெல்லாம் மலை தந்தது. அருகிலுள்ள ஷ்வாஸ் சுரங்கங்களின் வெள்ளியும் செம்பும், இத்தாலிக்குப் போகும் பிரென்னர் கணவாயின் வணிகமும் இல்லையென்றால் மாக்சிமிலியனின் அரசவைக்கு இந்த ஆடம்பரம் வாய்த்திருக்காது. நகரத்தின் அண்மைக் கால வரலாறும் பனியோடு பின்னியது. 1964, 1976 என இரண்டு குளிர்கால ஒலிம்பிக் இங்கே நடந்தன. 1964-இல் பனி போதாமல், ஆஸ்திரிய ராணுவம் உயரமான இடங்களிலிருந்து பனியைச் சுமந்துவந்து பாதைகளில் நிரப்பியது. குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா முதன்முதலில் பங்கேற்றதும் அந்த ஆண்டில்தான். ஜெரெமி புயகோவ்ஸ்கி என்ற ஒரே வீரர், மலைச்சரிவுப் போட்டியில். 1976-இல் பாட்ஷர்கோஃபெல் சரிவில் சறுக்கு வீரர் ஃபிரான்ஸ் கிளாமர் தங்கம் வென்ற பாதையின் பக்கத்தில் நின்று கீழே பார்த்தால், அந்த வேகத்தின் துணிச்சல் விளங்கும்.

சாப்பாடும் வானிலையும்

முட்டை சாப்பிடும் சைவர்கள் அஞ்ச வேண்டாம். சீஸில் புரட்டிய ‘கேஸ்ஷ்பெட்ஸ்லெ’, பிளம்ஸ் பழக்கூட்டோடு தரும் ‘கைஸர்ஷ்மார்ன்’ என்ற பிய்த்த அப்பம், இரண்டும் மலைக்குடில்களிலேயே கிடைக்கும். உருண்டைகளும் சூப்புகளும் சைவமாகத் தெரிந்தாலும் பன்றி இறைச்சியோ எலும்புச்சாறோ சேர்ந்திருக்கலாம்; கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

கடைசியாக, நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது: எந்த நாள் மலை, எந்த நாள் நகரம் என்று ஊரிலிருந்தே பட்டியல் போட்டுவிடாதீர்கள். தெற்கிலிருந்து ‘ஃபியோன்’ என்னும் வெப்பக்காற்று வீசினால் கேபிள் கார்கள் நின்றுவிடும். மேகம் இறங்கினால் சரிவில் மேடு எது, பள்ளம் எது என்று கண்ணுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட நாளை ஆம்ப்ராஸ் கோட்டைக்குக் கொடுங்கள். இளவரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட் சேர்த்த அரும்பொருள்களும் ஸ்பானிய மண்டபமும் ஒரு பகலை நிறைக்கும். தெளிந்த நாளை யோசிக்காமல் மலைக்குக் கொடுங்கள். முன்தினம் இரவு வானிலை அறிக்கையைப் பார்த்து மறுநாளை முடிவுசெய்யும் பழக்கம் வந்துவிட்டால், மலைக்கும் நகரத்துக்கும் நடுவே பேரம் பேசத் தேவையில்லை. இரண்டையும் அரைமணிப் பயணத்துக்குள் வைத்திருக்கும் ஊரைத் தேர்ந்தெடுத்ததன் முழுப்பயன் அதில்தான் இருக்கிறது.