கூலியை செட்டிங்ஸில் வைக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

சேலைக் கடைக்காக நீ எழுதி அனுப்பிய நிரலை முழுவதும் படித்துவிட்டேன். பாவு, ஜரிகை, கூலி, இருப்பு, பில் என்று ஐந்து மாட்யூலாகப் பிரித்திருக்கிறாய். பிரித்த விதத்தில் எனக்குச் சண்டை இல்லை. ஏன் பைத்தான், ஏன் எஸ்க்யூலைட் என்றும் கேட்கப் போவதில்லை. அதெல்லாம் நம் இருவருக்கும் தெரிந்த கதை. என்னை உறுத்தியது செட்டிங்ஸ். இந்தக் கடிதம் அதைப் பற்றி மட்டும்தான். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

கூலி மாட்யூலில் ஒரு வரி இருக்கிறது. டிசைனுக்கு உரிய கூலி செட்டிங்ஸ் கோப்பில் இல்லையென்றால், சாதாச் சேலைக்கான கூலியை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது அந்த வரி. படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. நீ ஆரணியில் பிறந்தவன். கோர்வைச் சேலை என்றால் என்னவென்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். மூன்று நாடா ஓடவேண்டும். நெய்பவர் பக்கத்தில் நாடா தள்ள இன்னொருவர் உட்காரவேண்டும். பல வீடுகளில் அது நெய்பவரின் மனைவி. இரண்டு பேரின் உழைப்பு ஒரு சேலைக்குள் போகிறது.

இப்போது பார். புது டிசைன் ஒன்று தறிக்கு ஏறுகிறது. கணக்குப்பிள்ளை அதன் கூலியைக் கோப்பில் சேர்க்க மறந்துவிடுகிறார். அல்லது ‘கோர்வை’ என்று அடிக்கவேண்டிய இடத்தில் ‘கொர்வை’ என்று அடித்துவிடுகிறார். உன் நிரல் வாயே திறக்காது. சாதாக் கூலியைப் போட்டுப் பட்டுவாடாச் சீட்டை அழகாக அச்சடித்துக் கொடுத்துவிடும். நெய்தவர் வந்து கேட்டால், கம்ப்யூட்டர் கணக்கு தப்பாது என்று திருப்பி அனுப்புவார்கள். நோட்டில் எழுதிய காலத்தில் சண்டை போட ஒரு ஆளாவது எதிரே இருந்தார்.

பிரிண்டர் பெயர் இல்லையென்றால் டிஃபால்ட் பிரிண்டருக்குப் போகட்டும். எழுத்தின் அளவு இல்லையென்றால் 12 என்று வைத்துக்கொள். பணத்துக்கு டிஃபால்ட் கிடையாது. கூலி இல்லையென்றால் நிரல் நிற்கவேண்டும். எந்த டிசைனுக்குக் கூலி இல்லை என்று தமிழில் சொல்லிவிட்டு நிற்கவேண்டும். அதுவும் சீட்டு அடிக்கும் நேரத்தில் வேண்டாம். காலையில் நிரலைத் திறந்தவுடனேயே எல்லா மதிப்புகளையும் சரிபார்த்துவிடு. மாலையில் கூலி வாங்க ஆட்கள் நிற்கும்போது பிழைச் செய்தி காட்டி யாருக்கு என்ன லாபம்?

அடுத்தது, செட்டிங்ஸ் கோப்புக்கு நீ தேர்ந்தெடுத்த யாம்ல் வடிவம். தறி எண்களை 011, 012 என்று மேற்கோள் குறி இல்லாமல் எழுதியிருக்கிறாய். நீ பயன்படுத்தும் பையாம்ல் நூலகம் யாம்ல் 1.1 விதிப்படி நடப்பது. பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை அது எட்டடிமானத்தில் படிக்கும். 012 என்று எழுதினால் 10 என்று எடுத்துக்கொள்ளும். 018-இல் 8 இருப்பதால் அது எட்டடிமானத்தில் அடங்காது. எனவே வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஒரே பட்டியலில் ஒரு தறி எண்ணாகவும் இன்னொரு தறி எழுத்தாகவும் நிற்கிறது. கடை திறக்கும் நேரம் 9:30 என்று எழுதியிருக்கிறாயே, அதை 570 என்று படிக்கும். நார்வே நாட்டின் இரண்டெழுத்துக் குறியீட்டை ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்ட கதை உலகம் முழுக்கப் பிரசித்தம். மனிதர்கள் எழுதும் கோப்பில் இப்படி ஊகிக்கும் வடிவம் வேண்டாம். டாம் பிரஸ்டன் வெர்னர் 2013-இல் வெளியிட்ட டாம்ல் இருக்கிறது. அதில் 012 என்று எண் எழுதினால் பிழை என்று சொல்லி நின்றுவிடும். பைத்தான் 3.11 முதல் அதைப் படிக்கும் நூலகம் கூடவே வருகிறது. ஜேசான் பக்கம் போகாதே, அதில் குறிப்பு எழுத இடமில்லை.

குறிப்பு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு செட்டிங்ஸுக்கும் மேலே தமிழில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். யார் கேட்டு வைத்தது, எதற்காக, மாற்றினால் எந்த மாட்யூல் பாதிக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ‘ஜரிகை மார்க் விலை: வெள்ளி ஏறியதால் முதலாளி மாற்றச் சொன்னார், பில் விலையைத் தொடாது’ என்ற குறிப்பைப் படித்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெரிய பெரிய கம்பெனிகளில் வேலை பார்த்திருக்கிறேன். இவ்வளவு அக்கறையாக எழுதிய செட்டிங்ஸ் கோப்பை எங்கும் பார்த்ததில்லை. நீ இந்தத் தொழிலில் எங்கேயோ போகப் போகிறாய். அந்தக் குறிப்புகளில் ஒன்றைக்கூட அழிக்காதே.

ஆனால் அந்த விலை அங்கே இருப்பதே தவறு. விலை, கூலி, வரி எதுவும் செட்டிங்ஸ் கிடையாது. பிரிண்டர் பெயருக்கு நேற்று என்ன இருந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். கூலிக்குக் கேட்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு கூலி நோட்டு இருந்தது. கூலி உயர்ந்தால் அப்பா பழைய தொகையை அழிக்கமாட்டார். அடியில் ஒரு கோடு போட்டு, தேதி எழுதி, புதுத் தொகையை அதன் கீழே எழுதுவார். பாவு எந்தத் தேதியில் தறிக்கு ஏறியதோ அந்தத் தேதிக்கான கூலிதான் அந்தச் சேலைக்கு. நடுவில் உயர்ந்தாலும் குறைந்தாலும் தகராறு வந்ததில்லை. உன் டேட்டாபேஸில் அந்த நோட்டைத்தான் வைக்கவேண்டும்: டிசைன், தொகை, எந்தத் தேதி முதல். மூன்றே பத்தி உள்ள ஒரு அட்டவணை.

வரியிலும் இதே கதைதான். பில், இருப்பு, பில்லுக்குள் ரிட்டர்ன் என்று மூன்று இடத்தில் மூன்று கோப்பிலிருந்து ஜிஎஸ்டி விகிதத்தைப் படிக்கிறாய். 2021 நவம்பரில் ஜவுளி வரி 5-லிருந்து 12 சதவீதமாகும், 2022 ஜனவரி 1 முதல் அமல் என்று அறிவித்தார்கள். டிசம்பர் 31 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் கூடி அதைத் தள்ளிவைத்தது. முன்கூட்டியே விகிதத்தை மாற்றி வைத்தவர்கள் அந்த ஒரே இரவில் எல்லாவற்றையும் திரும்ப மாற்றவேண்டியிருந்தது. தேதியோடு ஒரே இடத்தில் வைத்திருந்தால் ஒரு பதிவை நீக்கினால் போதும்.

சேலைக்கு 5 சதவீதம் அப்படியே இருப்பதால் நமக்கென்ன என்று நினைக்காதே. கடையில் தைத்த பட்டுப்பாவாடையும் விற்கிறார்களே. 1,800 ரூபாய்ப் பாவாடைக்கு 2025 செப்டம்பர் 21 வரை வரி 12 சதவீதம், அதாவது 216 ரூபாய். 22-ஆம் தேதியிலிருந்து 2,500 ரூபாய் வரையுள்ள தைத்த துணிக்கு 5 சதவீதம். அதே பாவாடைக்கு 90 ரூபாய். செப்டம்பர் 15 அன்று வாங்கிய பாவாடை 25-ஆம் தேதி திரும்பி வந்தால் பழைய பில்லின் 216-ஐத்தான் திருப்பித் தரவேண்டும். உன் ரிட்டர்ன் அன்றைய விகிதத்தைப் பார்த்து 90-ஐத்தான் திருப்பும். வாடிக்கையாளருக்கு 126 ரூபாய் போச்சு.

ஒரே மதிப்புக்குப் பல பிரதி இருந்தால் ஏதாவது ஒன்று பழையதாகவே நின்றுவிடும். அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்ற பங்கு வணிக நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1 அன்று பார்த்தது இதைத்தான். எட்டு சர்வர்களில் ஏழில் புது நிரல் ஏறியது, ஒன்றில் ஏறவில்லை. கைவிட்ட பழைய நிரலுக்கான சுவிட்ச் ஒன்றைப் புது வேலைக்குத் திரும்பப் பயன்படுத்தியிருந்தார்கள். அதைப் போட்டதும் எட்டாவது சர்வரில் பழைய நிரல் விழித்துக்கொண்டது. 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். நீயும் நிரலின் சென்ற பதிப்பில் தள்ளுபடிச் சதவீதமாக இருந்த ‘ரிபேட்’ என்ற பெயரை இப்போது ஆம், இல்லை என்று மாற்றியிருக்கிறாய். புதுப் பொருளுக்குப் புதுப் பெயர் வை.

மாட்யூல் ஒவ்வொன்றும் தானே கோப்பைத் திறக்கக் கூடாது. ஒரு மாட்யூல் மட்டும் படிக்கட்டும், சரிபார்க்கட்டும், மற்றவற்றுக்கு வேண்டியதைக் கையில் கொடுக்கட்டும். பிரிண்டர், கோப்பு வைக்கும் இடம், தறிக்கு எத்தனை ஹூக் ஜக்கார்டு என்பது போல எப்போதாவது மாறுபவை டாம்லில், மாட்யூலுக்கு ஒரு பகுதியாக. பாஸ்வேர்டு இவை எதோடும் சேராமல் தனியே. என்விரான்மென்ட் வேரியபிளில் செட்டிங்ஸை வைக்கச் சொல்லும் ட்வெல்வ் ஃபேக்டர் கொள்கையை நீ படித்திருப்பாய். அது வாடகைச் சர்வரில் ஓடும் நிரலுக்கு நல்லது. கணக்குப்பிள்ளை தானே திறந்து பார்த்துத் திருத்தவேண்டிய கடைக் கம்ப்யூட்டருக்கு ஒத்துவராது.

திறந்து பார்க்க முடியவேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். அதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 95 வந்த புதிதில், ஐ.என்.ஐ. கோப்பை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ரெஜிஸ்ட்ரியில் வைப்பதுதான் நாகரிகம் என்றார்கள். சென்னையில் ஒரு ஜவுளிக் கடைக்கு ஒருவர் ஃபாக்ஸ்ப்ரோவில் பில் போடும் நிரல் எழுதிக்கொடுத்து, கடைசி பில் எண்ணை ரெஜிஸ்ட்ரியில் வைத்திருந்தார். தீபாவளிக்கு முன்வாரம் ஹார்ட் டிஸ்க் போனது. தரவுக் கோப்புகள் ஃபிளாப்பியில் பத்திரமாக இருந்தன. ரெஜிஸ்ட்ரி ஃபிளாப்பியில் இல்லை. மறுநாள் காலை பில் எண் 1-லிருந்து தொடங்கியது. ஒரே எண்ணில் இரண்டு பில் என்று மதியத்துக்குள் கட்டுக்கட்டாகச் சேர்ந்துவிட்டன. அங்கே இருந்த வயதான கணக்கர் இரவெல்லாம் பில் புத்தகங்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு கையால் எண் திருத்தியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். பேக்அப் எடுப்பவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எதையும் வைக்காதே. பில் எண் டேட்டாபேஸில் இருக்கட்டும். செட்டிங்ஸ் கோப்பு டேட்டாபேஸ் இருக்கும் அதே ஃபோல்டரில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற உட்காராதே. யாம்ல் இன்னும் ஒரு மாதம் இருந்தாலும் பரவாயில்லை, தறி எண்களுக்கு மேற்கோள் குறி போட்டு ஓட்டு. கூலி மாட்யூலில் உள்ள அந்த வரியை மட்டும் அடுத்த பட்டுவாடாவுக்கு முன் எடுத்துவிடு. இதுவரை அடித்த சீட்டுகளில் டிஃபால்ட் கூலி விழுந்தவை எவை என்று தேடி எடுத்து, யாருக்கெல்லாம் குறைந்திருக்கிறதோ அந்தப் பட்டியலை முதலாளியிடம் நீயே கொண்டுபோய்க் கொடு.

அன்புடன்,
உன் அண்ணன்