பூஞ்சைக்கு எதிராகப் பூஞ்சைப் பொருள்: கணிப்பொறித் தேர்வின் பயனும் எல்லையும்

2021-ஆம் ஆண்டில் கோவிட் தொற்றிலிருந்து மீண்டோரிடையே, சிறப்பாக நீரிழிவு உடையோரிடையே, கருப்புப் பூஞ்சை நோய் தோன்றியபோது ஆம்போடெரிசின்-பி மருந்துக்கு நம் நாட்டில் பெருந்தட்டுப்பாடு நேர்ந்தது. உடலின் உட்பகுதியைத் தாக்கும் பூஞ்சைகளுக்கென உள்ள மருந்து வகைகள் மிகச் சிலவே. பூஞ்சையின் செல், பாக்டீரியாவின் செல்லைவிட மனித செல்லையே பெரிதும் ஒத்தது; ஒன்றை அழிக்கும் பொருள் மற்றதையும் தாக்கக்கூடும்.

புதிய மருந்தைப் பூஞ்சைகளிடமே தேடுவது விந்தையன்று. மண்ணில் உணவுக்குப் போட்டியிடும் பூஞ்சைகள் பல, அண்டைப் பூஞ்சையைத் தடுக்கும் பொருள்களைச் சுரக்கின்றன. படர்தாமரைக்குத் தரப்படும் கிரிசியோஃபுல்வின், 1939-இல் பெனிசிலியம் இனம் ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதாகும்.

இத்தகைய பொருள்கள் பல்லாயிரம் உள்ளன. அனைத்தையும் ஆய்வுக்கூடத்தில் சோதிப்பது இயலாதாகையால் கணிப்பொறியின் துணை நாடப்படுகிறது. பூஞ்சையின் செல் சவ்வுக்கு இன்றியமையாத எர்கோஸ்டெராலை உருவாக்கும் நொதிகளுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்நொதியின் முப்பரிமாண அமைப்பிலுள்ள குழியில் ஒவ்வொரு மூலக்கூறையும் பலவாறு திருப்பிப் பொருத்தி, பிணைப்பு ஆற்றலைக் கணிப்பொறி மதிப்பிடுகிறது. புளூகோனசோல் போன்ற மருந்தின் மதிப்பு ஒப்பீட்டுக்கு உதவுகிறது. மனிதரிலும் இதற்கு நிகரான நொதி உண்டு. அதனுடனும் பொருத்திப் பார்க்காத ஆய்வு அரைகுறையானதே.

இம்மதிப்பு ஓர் ஊகமே. அப்பொருள் பூஞ்சையின் செல் சுவரைக் கடந்து உட்புகுமா, புகுந்தபின் வெளியேற்றப்படுமா என்பதை அது கூறாது. வடிகட்டும் விதிகளும் சில வேளை தடையாகின்றன. வாய்வழி மருந்தின் மூலக்கூறு எடை 500-க்கு மேற்படலாகாது என்பது 1997-இல் லிப்பின்ஸ்கி வகுத்த விதிகளுள் ஒன்று. ஸ்பெயின் நாட்டின் லொசோயா ஆற்றுப் பகுதியில் கிடைத்த பூஞ்சையிலிருந்து உருவான காஸ்போஃபன்ஜினின் எடையோ ஏறத்தாழ 1,093! சிரை வழியே செலுத்தப்படும் இம்மருந்து 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது தாக்கும் நொதியின் அமைப்பு 2023-இல்தான் வெளியாயிற்று. கணிப்பொறியை மட்டும் நம்பியிருந்தால் இம்மருந்து நமக்குக் கிட்டியிராது.

ஆகவே, பட்டியலில் முன்நிற்கும் பொருள்களைத் தூய நிலையில் பெற்று, பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவையும், மனித செல்களுக்கு அவை விளைக்கும் கேட்டையும் அளந்தறிய வேண்டும். அதற்குப் பூஞ்சை உயிருடன் கைவசம் இருத்தல் வேண்டும். புணே அகார்க்கர் ஆய்வு நிறுவனத்திலுள்ள தேசியப் பூஞ்சை வளர்ப்புத் தொகுப்பு இத்தேவைக்கு உதவுவது. கணிப்பொறி ஆய்வுக்கு நிதி கோரும் திட்டங்களில் இவ்விரு அளவீடுகளுக்கும் இடமுள்ளதா என்பதை அலுவலர்கள் முதலில் பார்த்தல் நன்று.